முப்பத்தைந்தே ஆண்டுகளில் சொந்த வீடு

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடே கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டி முடித்து, குடியேறலாம் என்ற சான்றிதழும் வாங்கி, ஆள் வராமல் கிடக்கும் வீடுகள் நாடு முழுக்க இருபதாயிரத்துக்கு மேல் என்று தேசியச் சொத்துத் தகவல் மையமான நாப்பிக் அண்மை ஆண்டுகளில் விடாமல் கணக்குக் கொடுத்துவருகிறது. அதில் பெரும்பங்கு மாடிவீடுகள். ஆக வீடு இருக்கிறது; வாங்க ஆளும் இருக்கிறது. நடுவில் விலை என்று ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடைஞ்சலைத் தாண்டுவது எப்படி என்று முதல் வீடு தேடும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இந்தக் கையேடு.

முதலில் தாத்தாவைச் சரிபார்க்கவும்

வீடு வாங்கும் வேலை விளம்பரம் பார்க்கும்போது தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள். அது நீங்கள் பிறக்கும்போதே தொடங்கிவிட்டது. 1980களில் கிள்ளானில் ஒரு தரைவீட்டை வாங்கிப்போட்ட அப்பா உங்களுக்கு இருந்தால் இதற்கு மேல் படிக்கவேண்டாம். மேல்மாடி அறையில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, "விலை இறங்கட்டும்" என்று இன்னும் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைத் தாத்தா.

ஒருவர் ரயில்வே தாத்தா. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் கூரை போதும், இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அதற்காகச் சூளைகள் புகைந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். பிறகு ரயில் வந்தது. ரயிலோடு யாழ்ப்பாணத்துக் கிராணிமார்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் வந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போடும் கூலிகள் வந்தார்கள். 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பேர் வாங்கிய வரிசை வீடுகளில் மூன்று தலைமுறை குழந்தை பெற்றது, முருங்கை நட்டது, தைப்பூசத்துக்குக் காவடி கட்டியது. ஓய்வு பெற்ற அன்று தாத்தா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்த வரிசைகளை இடித்தாயிற்று. ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த யார்டின் மேல் 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. 2010இல் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். தெருவுக்கு வளைவு கிடைத்தது, யானை நீரூற்று கிடைத்தது. தாத்தாவின் பேரனுக்கு அந்த நீரூற்றுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது.

இந்த வட்டாரத்தில் நிலத்துக்கு உள்ள பசி சாமானியமானதில்லை. 1904இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரம வளாகத்திலேயே 23 மாடிக் குடியிருப்பு எழுப்ப 2014இல் ஒரு திட்டம் வந்து, ஊர் திரண்டு கையெழுத்துப் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. சுவாமிஜியின் சிலைமேலேயே கான்டோ நிழல் விழப்பார்த்த ஊரில் நீங்கள் மூன்று படுக்கையறை கேட்கிறீர்கள். கொஞ்சம் பேராசைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் சொந்தமாக்கிக்கொள்ளக்கூடியவை: ஒரு முழம் மல்லிகை, ஒரு பாக்கெட் முறுக்கு, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மணி நேரப் பார்க்கிங்.

இன்னொருவர் தோட்டத்துத் தாத்தா. அவர் பின்னால் வருவார். நீங்கள் கடைசியில் வாங்கப்போகும் வீடு எங்கே இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

வாடகைக்கே இருந்துவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. அதற்கு நீங்கள் வாடகை விளம்பரங்களைக் கடைசி வரிவரை படிக்கும் பழக்கம் உள்ளவராக இருக்கவேண்டும். சதுர அடி, பார்க்கிங், நீச்சல்குளம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'இந்தியர் வேண்டாம்' என்று போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். கொஞ்சம் நாகரிகம் உள்ளவர்கள் 'சீனர் மட்டும்' என்று எழுதுவார்கள். மிகவும் நாகரிகம் உள்ளவர்கள் எதையும் எழுதுவதில்லை, போனில் கேட்டுக்கொள்கிறார்கள்.

"ஹலோ, பாஸ், வீடு இன்னும் இருக்குதா?"

"இருக்கு, இருக்கு. யூ வாட் ரேஸ்?"

பெயர் என்ன, வேலை என்ன, எத்தனை பேர், ஒன்றும் வேண்டாம். சொன்ன மறுநொடி வீடு வேறு யாருக்கோ போய்விடும். 'அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலதான் ஆள் வந்தாங்க லா.' அந்த ஐந்து நிமிட ஆள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வீடு எடுத்து வைத்திருக்கிறார். குடியிருப்பு வாடகைக்கென்று ஒரு சட்டம் வருகிறது, வருகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அது வரும்வரை என் ஆலோசனை, வீடு வாங்கிவிடுங்கள். வங்கிக்காரர் இனம் பார்ப்பதில்லை. அவருக்கு எல்லா இனத்தாரும் கடன்காரர்களே.

கணக்கு

ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அந்த வீடு வாங்கத் தகுந்தது என்று உலகத்தில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கசானா ஆய்வுக் கழகம் அதை வைத்து 2015இல் ஓர் அறிக்கை போட்டது. கோலாலம்பூரில் ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கில் கோலாலம்பூரின் இடைநிலைக் குடும்ப வருமானம் மாதம் 10,234 வெள்ளி, சிலாங்கூரில் 9,983. கோலாலம்பூர்க் குடும்பத்துக்கு மூன்று மடங்கு போட்டால் ஏறக்குறைய 368,000 வரும். "எங்கள் வீட்டில் பத்தாயிரம் வருவதில்லையே?" வராது. இடைநிலை என்றால் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே நிற்கின்றன என்று அர்த்தம். கணவன் மனைவி இருவரும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு 122,400. அந்தப் பணத்துக்கும் வீடு உண்டு: லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி பிளாட்டில், ஐந்தாவது மாடி. உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் மிச்சம்.

இப்போது ஐந்து லட்சம் வெள்ளி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு வங்கி 90 சதவீதம் வரை தரும். 450,000 கடன், வட்டி 4 சதவீதம் என்று வையுங்கள், 35 ஆண்டு. மாதம் ஏறக்குறைய 1,990 வெள்ளி. 35 ஆண்டும் கட்டி முடிக்கும்போது எட்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். 2013க்கு முன்னால் 45 ஆண்டுவரை கூடக் கடன் கொடுத்தார்கள்; பேங்க் நெகாராதான் குறுக்கே புகுந்து 35 போதும் என்றது. உங்கள் பேரப்பிள்ளைகள் அதற்கு நன்றி சொல்லவேண்டும்.

மீதி 10 சதவீதம், 50,000 வெள்ளி, உங்கள் கையிலிருந்து. இங்கே பெரியவர்கள் தலையிடுவார்கள். தினம் தினம் மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கிறாயே, அதை நிறுத்து, வீடு தானாக வரும். செய்து பார்த்துவிடுவோம். ஒரு தே தாரிக் இரண்டரை வெள்ளி. 50,000 சேர 20,000 நாள், அதாவது 54 ஆண்டுகளுக்கு மேல். 25 வயதில் டீயை விட்டவர் 79 வயதில் பணத்தோடு வங்கிக்குப் போகலாம். 70 வயதைத் தாண்டியவருக்கு வீட்டுக்கடன் இல்லை என்று அங்கே சொல்வார்கள். அந்த நேரத்தில் ஒரு டீ தேவைப்படும்.

அதனால் ஊழியர் சேமநிதியான இபிஎப். முன்பெல்லாம் சந்தாவில் 30 சதவீதம் இரண்டாம் கணக்கில் விழுந்தது, வீட்டுக்கு அதைத்தான் எடுப்பார்கள். 2024 மே மாதம் கணக்கு மூன்றானது. வீட்டுக்கு உதவும் செஜாத்ரா கணக்கில் இப்போது விழுவது 15 சதவீதம். எந்த நேரமும் எடுக்கலாம் என்ற ஃபிலெக்சிபல் கணக்குக்கு 10. கோவிட் காலத்தில் எடுத்தது போக மிச்சம் இருப்பதைப் பார்க்க ஆப்பைத் திறக்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு, கிண்டல் இல்லை: முதல் வீடு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் பெயர் மாற்றத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி விலக்கு இருக்கிறது. விலக்கு இல்லாவிட்டால் ஐந்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு 9,000மும் கடனுக்கு 2,250மும் கட்டவேண்டும். கேட்டு வாங்குங்கள். வக்கீல் மறந்துவிட்டால் நீங்கள் மறக்காதீர்கள்.

காடி இருக்கிறதா?

வங்கி அதிகாரி உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் பார்ப்பார், சிடோஸ் பார்ப்பார். பள்ளித் தோழனுக்கு ஜாமீன் போட்ட மோட்டார் சைக்கிள் கடனை நீங்கள் மறந்திருப்பீர்கள், சிசிரிஸ் மறக்காது. பிடிபிடிஎன் கல்விக்கடனும் அதில் தெரியும். பிறகு சம்பளத்தில் எவ்வளவு கடனுக்குப் போகிறது என்று பார்ப்பார்.

"காடி இருக்குதா?"

"மைவி ஒண்ணு இருக்குது மிஸ்."

"அப்போ லோன் குறையும்."

இந்த இடத்தைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள், முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. காடிக் கடன் இருப்பதால் வீட்டுக் கடன் குறைகிறது. கடன் குறைவதால் மலிவான வீடு தேடவேண்டும். மலிவான வீடு தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் ரயில் இல்லை, பஸ் வரும் நேரம் டிரைவருக்கே தெரியாது, ஆகவே இரண்டாவது காடி வேண்டும். இரண்டாவது காடிக்குக் கடன் எடுத்ததும் வீட்டுக் கடன் இன்னும் குறைகிறது. இன்னும் தூரம் போகவேண்டும். இப்படியே போனால் ஒரு நாள் ஈப்போ வந்துவிடும். அங்கே வீடு மலிவு, சாப்பாடும் நன்றாக இருக்கும், வேலைதான் கோலாலம்பூரில் இருக்கும்.

கிள்ளான்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கொமுட்டர் நேரே கேஎல் சென்ட்ரலுக்குப் போகிறது. ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் இருந்த டோலை 2018இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அதே நெரிசலில் இலவசமாக நிற்கலாம்.

அரசாங்க வீடு

மலிவு வீட்டுத் திட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 2012 சட்டத்தால் வந்த பிரிமா, கோலாலம்பூரில் 300,000 வெள்ளிக்குள் ரெசிடென்சி விலாயா, மந்திரி பெசாருக்கு மந்திரி பெசார் பெயரும் விதியும் மாறும் சிலாங்கூர்த் திட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயரைப் பதியுங்கள். சம்பளம் உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. தாண்டாத சம்பளத்துக்கு வங்கி கடன் தராது. குலுக்கலில் பெயர் விழுந்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் போட்டு, பிறகு கடன் கிடைக்காமல் வீட்டை விட்டவர்கள் பிரிமாவில் ஏராளம். அரசாங்கம் கதவைத் திறக்கிறது, வங்கி அதைச் சாத்துகிறது. நடுவில் உங்கள் விரல் இருக்கிறது.

இன்னும் கீழே இருப்பது பிபிஆர், மக்கள் வீடமைப்பு. மாத வாடகை 124 வெள்ளி, மூன்று அறை, எழுநூறு சதுர அடி. அதற்குள் போக நீங்கள் போதுமான ஏழையாக இருக்கவேண்டும். மாதம் ஐயாயிரம் ஆறாயிரம் வாங்கும் குடும்பம் அந்த வரிசையிலும் நிற்க முடியாது, கான்டோ ஷோரூமிலும் உட்கார முடியாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுவில்தான் நிற்கிறோம் என்பது என் எண்ணம்.

நாசி லெமாக் கடை வைத்திருப்பவர்கள், கிராப் ஓட்டுகிறவர்கள், சம்பளச் சீட்டு இல்லாத யாராக இருந்தாலும் எஸ்ஜேகேபி என்ற வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனத்தைப் பற்றி வங்கியில் கேளுங்கள். கேட்காதவரை பல வங்கிகளில் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள்.

ஷோரூம் போவது எப்படி

மதிய உணவு நேரத்தில் போகவேண்டும். திறப்பு விழா என்றால் சாத்தே, ஐஸ்கிரீம், குழந்தைகளுக்குப் பலூன். மாதிரி வீட்டுக் கட்டிலில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் வளர்ந்துவிடவில்லை, கட்டிலைச் சின்னதாகச் செய்திருக்கிறார்கள். அறைக்குக் கதவு இல்லாததையும் கவனியுங்கள். கதவு திறக்க இடம் வேண்டும், இடம் இருந்தால் விலை ஏறும்.

பிடித்துவிட்டதா? "நான்-பூமி லாட் எல்லாம் முடிஞ்சது, பூமி லாட் இருக்குது" என்பார்கள். பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கீடு ஒரு பக்கம், தள்ளுபடி ஒரு பக்கம், இரண்டும் உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த லாட்டுகள் நெடுநாள் விற்காமல் நின்றால் டெவலப்பர் மாநில அரசிடம் விடுவிப்புக்கு மனுப் போடுவார். மனுவுக்குப் பதில் வருமுன் விலை ஏறியிருக்கும். பொறுமைசாலிகளுக்கு ஏற்ற வழி.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நமக்கு ஒரு சாதகம் உண்டு. நான்கு என்றால் சீன நண்பர்களுக்கு ஆகாது. அதனால்தான் லிஃப்டில் 3ஏ, 13ஏ என்று பொத்தான்கள். எட்டு என்றால் அவர்களுக்கு உயிர், நம்மவர்களுக்குச் சனி. ஆகவே எட்டை அவர்கள் அதிக விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும், நான்கை நாம் பேரம் பேசி வாங்குவோம். தெருக்குத்து வீடு என்றால் இரண்டு இனமும் ஓடும். அதுதான் நமக்கு வேண்டியது. வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டால் தீர்ந்தது. வாஸ்து பார்க்கும் ஐயாவை முன்பணம் கட்டியபிறகு கூப்பிடாதீர்கள். அக்கினி மூலையில் கழிவறை இருப்பதை அதற்குமேல் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

லேலோங்

கடைசி ஆயுதம் ஏலம். கட்டத் தவறியவர்களின் வீட்டை வங்கி ஏலத்தில் விடுகிறது. யாரும் கேட்காவிட்டால் அடுத்த சுற்றில் ஆரம்ப விலை குறைகிறது, பத்து சதவீதம்வரை. இரண்டு மூன்று சுற்று காத்திருந்தவர் சந்தை விலைக்கு மிகவும் கீழே வாங்கியிருக்கிறார். ஏல நாளன்று ஆரம்ப விலையில் 10 சதவீதத்துக்கு வங்கி டிராஃப்ட் கொண்டுபோகவேண்டும். மீதியை 90 அல்லது 120 நாளுக்குள் கட்டவேண்டும். கடன் வர ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பத்து சதவீதம் போனது போனதுதான்.

வீட்டை 'உள்ளது உள்ளபடி' விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டமாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கலாம், பக்கத்து வீட்டு ஆண்டியிடம் கேட்கலாம். கட்டாத தண்ணீர் பில், கட்டாத பராமரிப்புக் கட்டணம், சுரண்டிப்போன வயர், உள்ளே இன்னும் குடியிருக்கும் பழைய வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்து வரலாம். அவரைக் கிளப்புவது உங்கள் பொறுப்பு. சாவி வாங்கப் போனால் வாசலில் அரிசிமாக் கோலம் போட்டிருக்கும், உள்ளே ஒரு பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். 'வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?' என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தக் கையேட்டாலும் உதவ முடியாது. நெஞ்சில் கல் உள்ளவர்களுக்கு மட்டும் லேலோங்.

நிலப்படம்

வங்கி ஒப்புக்கொண்ட தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் ஒரு முள்ளை ஊன்றி வட்டம் போடுங்கள். வட்டம் பெரிதாகிப் பெரிதாகி விலையைத் தொடும் இடங்கள் மேற்கே மேரு, காப்பார், பூஞ்சாக் ஆலம். வடக்கே ரவாங், பெஸ்தாரி ஜெயா. தெற்கே செமினி, பெரானாங், டிங்கில். விளம்பரப் பலகையில் இந்தப் பெயர்கள் இருக்காது. 'கேஎல் வடக்கு' என்று இருக்கும். 'நகரத்துக்கு 35 நிமிடம்' என்று இருந்தால் அது ஹரிராயாவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு. டாமன்சாரா என்று இருந்தால் எந்த டாமன்சாரா என்று கேளுங்கள், அந்தப் பெயரை ஒட்டவைக்காத மேடு இங்கே குறைவு. கம்போங் கெரிஞ்சியில் மாடிகள் எழுந்ததும் அது பங்சார் சவுத் ஆனது. 2018இல் பழைய பெயர் திரும்பி வந்தது. பழைய விலை வரவில்லை.

பலகைக்குப் பின்னால் கொஞ்சம் தோண்டினால் தோட்டத்துத் தாத்தா தட்டுப்படுவார். சுபாங் ஜெயாவில் நின்றது சீஃபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம். கிள்ளானின் பண்டார் புக்கிட் ராஜாவில் புக்கிட் ராஜா தோட்டம், எல்மினா நகரத்தில் எல்மினா தோட்டம். காப்பிக் கடைகள் நிறைந்த பங்சாரிலேயே கித்தா மரம் நின்றது. தாத்தா இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனார், மரம் வெட்டினார், பால் எடுத்தார், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் பிள்ளைகளை வளர்த்தார். வேலை இருக்கும்வரை வீடு. தோட்டம் கைமாறினால் இரண்டும் போகும். 2007இல் சைம் டார்பியும் கத்ரியும் கோல்டன் ஹோப்பும் ஒன்றாயின. 2017இல் அந்தக் குழுமத்தின் வீட்டுமனைப் பிரிவு தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. தாத்தாவுக்குச் சம்பளம் போட்ட கம்பெனிகளின் வாரிசு இன்று பேரனுக்கு வீடு விற்கிறது. வீடும் அதே மாதிரி, வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி. ஒரு வித்தியாசம், லயத்துக்கு மாதம் 1,990 வெள்ளி இல்லை.

இது முன்பே தெரிந்த ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் முதல் தோட்டம். மரம் வெட்டியவர்கள் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸின் பெரிய சாலைக்கு இன்று அவர் பெயர். அந்தச் சாலையில் பத்து வெள்ளியை வைத்துக்கொண்டு வாழையிலைச் சாப்பாட்டோடு ஒரு தண்ணி வாங்குவதே பாடு.

எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு சம்பந்தன் கிடைக்கவில்லை. புத்ராஜெயா எழுவதற்காக பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி தோட்டங்களைக் காலி செய்தபோது, மக்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவரில் விரிசல் விட்டது. தரைவீடு கேட்டு ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வாக்குக் கொடுத்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே போவோம்.

உங்கள் வட்டம் இந்த இடங்களில்தான் போய் முடியும். தாத்தா மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டணம் வந்த அதே சாலையில், மைவியில், நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். விற்பனைப் பெண்ணிடம், "எங்க தாத்தா இந்தத் தோட்டத்துலதான் பால் வெட்டினார்" என்று சொல்லித் தள்ளுபடி கேட்டுப் பாருங்கள். "வாவ், சோ நைஸ்" என்பார். காப்பி இலவசம். தோட்டத்து மாரியம்மன் ரவுண்டபவுட் ஓரத்தில் இன்னும் இருந்தால் இறங்கிக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவளும் வீட்டுப் பிரச்சினையில் இருப்பவள்தான்.

கையெழுத்துக்குப் பிறகு

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், ஒப்பந்தப்படி தரைவீட்டை 24 மாதத்தில் தரவேண்டும், மாடிவீட்டை 36 மாதத்தில். பிந்தினால் நட்டஈடு உண்டு, ஆண்டுக்கு விலையில் 10 சதவீதக் கணக்கில். இடைப்பட்ட காலத்தில் வாடகையும் கட்டுவீர்கள், வங்கி வட்டியும் கட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய் வேலிக்கு வெளியே நின்று தூண்களை எண்ணலாம். செலவில்லாத பொழுதுபோக்கு. ஜாகாவோடு பழகிவைத்துக்கொண்டால் சில சமயம் உள்ளேயும் விடுவார்.

சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை டெவலப்பர் சரிசெய்து தரவேண்டும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வரவேற்பறைப் பக்கம் ஓடினால் எழுதுங்கள். ஒவ்வொரு டைல்ஸையும் ஐந்து காசால் தட்டிக் கேளுங்கள். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு இங்கே சிமெண்டு ஒட்டாது.

பிறகு பால் காய்ச்சுங்கள். சொந்தக்காரர்கள் வருவார்கள். டோல் எவ்வளவு ஆனது என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள். "எவ்வளவுக்கு வாங்கினே?" என்று பெரியப்பா கேட்டால் ஐம்பதாயிரம் குறைத்துச் சொல்லுங்கள்; அதையே அவர் அதிகம் என்பார். 1989இல் தாமான் ஸ்ரீ அண்டலாஸில் தனக்கு ஒரு வீடு மலிவாக வந்து வேண்டாம் என்று விட்ட கதையைச் சொல்வார். குறுக்கே பேசாமல் கேளுங்கள், அவருக்கு அது இன்னும் ஆறவில்லை. பால் பொங்கும்போது எல்லோரும் கும்பிடுவார்கள். நீங்களும் கும்பிடுங்கள், ஆனால் ஒரு கண் தரையில் இருக்கட்டும். பொங்கி வழிந்த பால் அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவே எங்கேயாவது இறங்கிக் காணாமல் போனால், ஐயர் மந்திரத்தை முடித்ததும் அதையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். 24 மாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.